எட்டு நாள் சீட்டாட்டம்

சீட்டைத் தரையில் ஓங்கி அடித்துவிட்டு ஜோவெலின் சிரித்த சிரிப்பில் பள்ளிக்கூடமே அதிர்ந்தது. "கள்ளி! சீட்டை ஒளிச்சு வச்சிருந்தா!" என்று தம்பிகள் இருவரும் குதித்தார்கள். அவளுக்குப் பதினோரு வயது.

புயலில் வீடிழந்த சாமார் தீவின் கடற்கரை ஜனங்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒண்டி ஒன்பது நாளாகிறது. பார்வையிட வந்த நிவாரண அதிகாரி மிலாக்ரோஸுக்கு, அங்கிருந்த பெரியவர்களைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. தடிதடியாக இரண்டு ஆண்கள் ஒரு மீன் டப்பாவுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொருவன் பறந்துபோன கூரையை நினைத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

"வெக்கமா இல்ல? ஒரு டப்பா மீனுக்கு இத்தன சண்டையா! அந்தப் பிள்ளைங்களப் பாருங்கய்யா. அதுங்களுக்கும்தான் வீடு போச்சு. எப்படிச் சிரிக்குதுங்க! பார்த்துக் கத்துக்கோங்க."

நாளைக்கு மாகாணக் கூட்டத்தில் இதையே பேசினால் கைதட்டல் நிச்சயம் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

சுவரோரம் இருந்த எர்லிண்டா வாசலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. புயலுக்கு முதல் நாள் கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. அவள் சோற்றைத் தொட்டு மூன்று நாளாகிறது.

"என் பிள்ளைங்கதான் மேடம். அப்பன் எங்கேன்னு ஒரு வார்த்தை கேக்கல. எட்டு நாளா ராப்பகலா சீட்டுதான். மூணும் ஒண்ணாத் தூங்கி நான் பார்க்கல. கல்லு மனசு."

"கல்லு மனசு இல்லம்மா, மறக்கத் தெரிஞ்ச மனசு. நீதான் வாசலைப் பார்த்துட்டுப் பட்டினி கிடக்கற. பெத்ததுங்களுக்கு இருக்கற தைரியம் உனக்கு இல்லியே!"

"அவரு வந்துருவாரு. இங்க யாரும் அழக் கூடாதுன்னு சொல்லிட்டேன்" என்றாள் எர்லிண்டா, கண்ணைத் திருப்பாமலே.

மிலாக்ரோஸ் உதட்டைப் பிதுக்கினாள். வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. சீட்டாடும் பிள்ளைகளிடம் போய் ஜோவெலினின் தோளைத் தட்டினாள்.

"கெட்டிக்காரப் பொண்ணு! எழுந்திரு, ஜீப் வரைக்கும் வந்து என்னை வழியனுப்பு. ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

ஜோவெலின் எழுந்திருக்கவில்லை. சிரிப்பை மட்டும் நிறுத்தினாள்.

"நான் வரக் கூடாது மேடம். துக்க வீட்டுக்காரங்க யாரையும் வழியனுப்பக் கூடாதுல்ல?"

"துக்க வீடா? என்னடி உளறுற?"

"புயலுக்கு மறுநாளே அப்பா படகு உடைஞ்சு கரையில கிடந்துச்சு. அதுல அவரு சட்டை மாட்டியிருந்துச்சு. நாங்க மூணு பேரும் அந்தச் சட்டையப் புதைச்சுட்டோம். செத்தவங்களுக்காக ஒம்பது நாள் ராத்திரி யாராவது முழிச்சிருக்கணும்ல? தூக்கம் வராம இருக்கத்தான் சீட்டு."

"அடிப் பாவி..." மிலாக்ரோஸின் குரல் உயர்ந்தது.

ஜோவெலின் சட்டென்று அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"மெதுவா பேசுங்க மேடம். அம்மாவுக்கு இன்னும் தெரியாது."