மகிழாவின் இலை

அருள்நேசனுக்கு வயது இருபத்துமூன்று. லண்டனில் ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பு உதவியாளன். கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஊரிலுள்ள குடும்ப வாட்ஸப் குழுவுக்காகப் போனில் பேசிக்கொண்டிருந்தான். பேசப் பேசத் திரையில் எழுத்து ஓடியது. அன்று சமத்துவப் பாடம். பிள்ளைகள் அவரவர் தோல் நிறத்தில் வண்ணம் குழைத்து உள்ளங்கையில் பூசி, சுவரில் வரைந்த மரத்துக்கு இலையாகப் பதித்தார்கள். ஆறு வயது மகிழா புறங்கையோடு ஒட்டிப் பார்த்துப் பார்த்து, அச்சு அசலாக ஒரு பழுப்பைக் குழைத்துவிட்டாள். "சார், இது நான்தான்!" என்று குதித்தாள்.

மாலையில் அழைத்துப்போக வந்த அவள் அம்மா சுவரைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். "என்ன தம்பி, நீங்களும் நம்ம ஆளு. இப்படிக் கரிக்கட்டையாட்டம் விட்டுட்டீங்களே? போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பணும். கொஞ்சம் வெள்ளை கலந்து மறுபடி வைங்க. இல்லேன்னா ஹெட் டீச்சர்கிட்ட பேசிக்கிறேன்."

இந்த வேலைக்காக அவன் எட்டு மாதம் அலைந்திருந்தான். வெள்ளையைக் கலந்தான். இந்தத் தடவை மகிழா குதிக்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு சும்மா நின்றாள். புது இலை பழைய இலையை மூடிக்கொண்டது.

கழிப்பறையில் நின்ற அவன் விரலிடுக்கில் இன்னும் அந்த வெள்ளை இருந்தது. அக்கா மகளுக்கென்று போன மாதம் அவனே தேடி வாங்கி அனுப்பிய சிவப்பழகு க்ரீம் நினைவுக்கு வந்தது. குழாயைத் திறந்து விரல்களைத் தேய்த்துக் கழுவிவிட்டு, மறுபடி போனை எடுத்தான்.

"இதை யாரு மொதல்ல படிச்சாலும் சரி, பாப்பா மூஞ்சிய இப்பவே கழுவி விடுங்க."