நூறு நாள் பூஜ்யம்

வேங்கை நகர் இரண்டாவது தெருவின் மாண்புமிகு குடிமக்களுக்கு ஒரு வரலாற்றுச் சிறப்புமிக்க அறிவிப்பு: நாளையோடு நம் தெரு, நூறு நாள் தொற்றில்லாத் தெரு!

எழுதி ஒட்டியவர் சங்கத் தலைவர் குலசேகரன். தெருவில் எத்தனை பேருக்குத் தொற்று என்பதைச் சாக்கடையை மோந்து பார்த்தே சொல்லிவிடும், மாநகராட்சி ஒவ்வொரு தெருமுனையிலும் வைத்த மின்பலகை, இங்கே தனக்குப் பயந்துதான் பூஜ்யம் காட்டுகிறது என்று அவருக்கு நினைப்பு.

மறுநாள் காலை அவருக்கே காய்ச்சல் அடித்தது. வயிறும் கலக்கியது. கழிவறைக் கதவை மறித்து நின்றாள் மனைவி வசுமதி.

"இங்க போனா பலகையில ஏறிடும். கேடயம் குடுக்க மேடை போட்டாச்சுங்க. மூணாவது தெரு பொதுக் கழிப்பறைக்கு ஓடுங்க!"

குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஓடினார். அங்கே அவருடைய செயற்குழு முழுவதும் வரிசையில் நின்றிருந்தது.

"வாங்க தலைவரே! ஒரு வாரமா வர்றோம், உங்கள மட்டும் காணோமேன்னு பேசிக்கிட்டிருந்தோம்" என்றார் பொருளாளர்.

தெருவுக்காக இப்படியொரு தியாகமா என்று குலசேகரனுக்குப் பெருமையில் கண் கலங்கியது.

மாலையில் மேளதாளத்தோடு கேடயம் வந்தது. மூன்றாவது தெருவைத் தகரம் அடித்து மூடினார்கள். அங்கே ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை.