புரிஞ்சுதுங்க சார்!

“சார், அந்தத் தேவைக் கோடு ஏனுங்க கீழே சரியுது?”

மறுபடியும் ராமாமணிதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காந்திபுரத்தில் எஸ்.டி.டி. பூத்துக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட அறை. தபாலில் பி.ஏ. பொருளாதாரம் படிக்கிற எங்களுக்கு, பரீட்சைக்கு முன் நடக்கும் கடைசி ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. பாடம் நுண்ணினப் பொருளியல். பெயரைச் சொல்லவே எனக்கு மூச்சு வாங்கும். பம்ப்செட் கம்பெனி கிளார்க்கான நான் இதில் ஏற்கெனவே கோட்டை விட்டவன். இந்த முறையும் தேறாவிட்டால், எனக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் நாற்காலியில் எனக்குப் பின்னால் சேர்ந்த ஸ்ரீனிவாஸ் உட்கார்ந்துவிடுவான்.

விரிவுரையாளர் மதுரைப் பக்கத்துக்காரர். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் “புரிஞ்சுதா?” என்பார். ஒரு மனுஷர் மெனக்கெட்டுச் சொல்லும்போது புரியவில்லை என்பது மரியாதையா? எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் கிடையாது. “புரிஞ்சுதுங்க சார்” என்று அறையே கோரஸ் பாடும். முன்பெஞ்சுக்காரனான நான் கூடுதலாகத் தலையையும் ஆட்டுவேன். கோயமுத்தூர்க்காரர்கள் அத்தனை பேரும் மேதைகள் என்று நம்பி அவர் மேலே மேலே போனார்.

பக்கத்து பெஞ்ச் ராமாமணியம்மா மட்டும் விடவில்லை.

“தேவைன்னா ஆசைதானுங்களே சார்?”

“வெலை எறங்குனா ஏனுங்க சேர்த்தி வாங்கோணும்?”

அவரும் சலிக்காமல் தக்காளியை வைத்து முதலிலிருந்து சொன்னார். நானும் அதை அவசரமாக எழுதிக்கொண்டேன். சும்மா, ஒரு மரியாதைக்குத்தான்.

டீ இடைவேளையில் பொறுக்க முடியவில்லை.

“ஏனுங்க அம்மணி, ஊட்ல ஒருக்கா பாடத்தைப் படிச்சுப்போட்டு வரப்படாதுங்களா? உங்க ஒருத்தருக்காக எங்க எல்லாரு நேரமும் போகுதுங்க.”

அந்தம்மா முகம் சுருங்கிவிட்டது. “தப்புத்தானுங்ணா. இனிக் கேக்கலீங்க.”

வகுப்பின் நன்மைக்காகப் பேசிவிட்ட பெருமிதத்தில் வடை ஒன்று கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அதன்பின் விரிவுரையாளர் பறந்தார். தேவை நெகிழ்ச்சி, சமநோக்கு வளைகோடு, பட்ஜெட் கோடு என்று கரும்பலகை நிறையக் கோலம் போட்டார். பரீட்சையில் வரப்போவதே இதுதான் என்று வேறு சொல்லிவிட்டார்.

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுங்க சார்!”

கழுத்து வலிக்கத் தலையை ஆட்டினேன். ஸ்ரீனிவாஸுக்கு வணக்கம் வைத்துப் பழக வேண்டியதுதான்.

மெல்லப் பக்கத்து பெஞ்சுப் பக்கம் சாய்ந்தேன்.

“ஏனுங்க, அந்த வளைகோட்டைப் பத்தி ஏதாச்சும் கேளுங்களேன்.”

“எனக்குப் புரியுதுங்ணா.”

“அதெப்படிங்க?”

“இந்தப் பேப்பர் போன வருசமே பாஸ் பண்ணிப்போட்டேனுங்க. மத்தியானம் புள்ளியியல் வகுப்புக்கு முன்னாடியே வந்தவ, வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே உக்காந்திருக்கறேன்.”

“அப்பறம் எதுக்குங்க காலையிலிருந்து அத்தனை கேள்வி?”

அந்தம்மா சங்கடமாகச் சிரித்தார்.

“தப்பா நெனைக்காதீங்ணா. தலையாட்டறப்ப உங்க மொகத்தைப் பாக்கப் பாவமா இருந்துச்சுங்க.”