லைவ் ஓடுது

“சிரி! மூஞ்சிய உர்ருன்னு வெச்சிக்கினு நின்னா எவன் ஆர்டர் குடுப்பான்?” பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தான் விஜயகுமார். “உன்ன இங்க எதுக்குக் கூட்டியாந்தேன், தெண்டத்துக்கா?”

சுகுணா சிரித்து வைத்தாள். ஸ்டாலில் வந்து நின்றதிலிருந்து ஏச்சுதான். நோட்டீஸை ஒழுங்காக அடுக்கவில்லை, வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, புடவை சரியில்லை. எதிர் ஸ்டால்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாவம், நல்ல முதலாளி கிடைக்கவில்லை போல என்று நினைத்திருப்பார்கள்.

முதலாளியே அவள்தான். ஓசூர் தொழில் கண்காட்சியில் பெண்கள் நடத்தும் கம்பெனிகளுக்கென்று இலவசமாக ஒதுக்கிய வரிசை அது. பேனரில் கொட்டை எழுத்தில் ‘உரிமையாளர்: சுகுணா’ என்று போட்டிருந்தது. கடன், பெண்களுக்கான மானியம், ஜிஎஸ்டி எல்லாம் அவள் பேரில். போச்சம்பள்ளியில் இருக்கும் பட்டறை ஷெட்டின் சாவி மட்டும் புருஷன் விஜயகுமாரின் பாக்கெட்டில்.

“யார் கேட்டாலும் நான் இங்க யாருமே இல்ல, புரிஞ்சுதா? நான் நடத்துறேன்னு ஒரு வார்த்த வெளிய வந்துச்சு, ஸ்டாலும் போச்சு, மானியமும் போச்சு. சொல்லிக் குடுத்ததச் சொல்லிட்டு வாய மூடிக்கோ.”

சொல்லிக்கொடுத்தது இதுதான்: ‘சொந்த உழைப்பால் முன்னேறினேன். எங்கள் ஷெட்டில் பெண்களின் பாதுகாப்புதான் முதலில்.’ பின்பாதி பச்சைப் பொய்.

போன மாதம்தான் ஷெட்டில் வேலை பார்த்த வினோதாவின் இரண்டு விரல்கள், தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் நசுங்கிப் போயின. கை உள்ளே போனால் மிஷினை நிறுத்துகிற சென்சாரை, வேலை ஓட மாட்டேன் என்கிறது என்று கழற்றிப் போட்டவன் இந்த மகராசன். இன்று காலை அதே பிரஸ்ஸில், சென்சார் இல்லாமலே, மாதேஸ்வரியை உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

“அத மாட்டிட்டு ஓட்டச் சொல்லுங்களேன். இன்னொருத்தி கையும் போவணுமா?” இதோடு எத்தனையாவது தடவை கேட்கிறாளோ.

“இந்த ஆர்டர் முடியட்டும், பாக்கலாம். கேஸு கீஸு வந்தா உள்ள போறது நீதான, நானா?” என்று சிரிக்க வேறு செய்தான்.

அதற்குள் பிரியா வந்துவிட்டாள். கண்காட்சி நடத்தும் சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு ஸ்டால் ஸ்டாலாக லைவ் போடுகிற பெண். கூடவே பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் சரிதா. பெண்கள் நடத்தும் கம்பெனிகளுக்கு ஆர்டர் கொடுக்கத்தான் அந்த அம்மாள் வந்திருந்தார்.

விஜயகுமார் ஓரமாக ஒதுங்கி, ஷெட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவு போட்டான். “எல்லாரும் லைவுக்கு வாங்க. லைக் போடாதவன் நாளைக்கு வேலைக்கு வராத!” சூப்பர்வைசர் ஆஞ்சப்பனிடமிருந்து உடனே ஒரு கட்டைவிரல் எமோஜி வந்தது.

“வணக்கம் மக்களே! இப்ப நம்மகூட இருக்கறது சுகுணா மேடம். சொல்லுங்க மேடம், எப்படி இந்த அளவுக்கு வந்தீங்க?”

“சொந்த உழைப்பால…” என்று ஆரம்பித்த சுகுணா, பிரியாவின் போன் திரையைப் பார்த்தாள். கமெண்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்று: ‘வாழ்த்துகள் அக்கா - வினோதா, கல்லாவி.’

எந்தக் கையால் டைப் அடித்தாளோ! சுகுணா திரையில் அந்தப் பேரை விரல் நீட்டிக் காட்டினாள்.

“உழைப்பாவது மண்ணாவது! இந்தப் பொண்ணு எங்க பிரஸ்ல வெரலக் குடுத்துச்சு. சென்சாரு இல்ல மேடம், கழட்டிப் போட்டு ஓட்டறோம். இப்பக்கூட ஒருத்தி அதுல குந்திக்கினு இருக்கறா!” மூச்சு வாங்கியது. நேராகக் கேமராவைப் பார்த்தாள். “ஆஞ்சப்பண்ணா, பாத்துக்கினுதான இருக்கீங்க? பிரஸ்ஸ நிறுத்துங்க. சென்சார் மாட்டற வரைக்கும் அது ஓடக்கூடாது. ஓனரு நான் சொல்றேன்!”

“கட் பண்ணும்மா! கட் பண்ணு!” விஜயகுமார் பாய்ந்து வந்தான்.

“லைவ் ஓடுது சார்…” பிரியா பின்னால் நகர்ந்தாளே தவிர போனை இறக்கவில்லை. சண்டை என்றதும் பார்க்கிறவர்கள் எண்ணிக்கை எகிறிவிட்டது. அதனூடே ஆஞ்சப்பனின் கமெண்ட் வந்து விழுந்தது: ‘நிறுத்திட்டேன்மா. மாதேஸ்வரி எந்திரிச்சிடுச்சு.’

சுகுணா கண்ணை மூடித் திறந்தாள். ஒரு கை பிழைத்தது.

சரிதாவின் முகம் இறுகிவிட்டது. “இதத் தெரிஞ்சுக்கிட்டு உங்களுக்கு எப்படிம்மா ஆர்டர் தர்றது?”

“குடுக்காட்டிப் போவுது மேடம். எம்பேர்ல நடந்ததுக்கு நானே பதில் சொல்றேன். இனிமே ஷெட்டுல எஞ்சொல்லுதான்.”

“அவ உளர்றா மேடம்! ஷெட்டப் பத்தி அவளுக்கு என்னா தெரியும்? எல்லாத்தையும் நாந்தான்…” என்று கத்திய விஜயகுமார், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“நீங்கதான்? நீங்க யாரு சார்?” என்றார் சரிதா. பிரியாவின் போன் அவன் பக்கம் திரும்பியது.

விஜயகுமார் பேனரைப் பார்த்தான். நடத்துகிறவன் என்றால் மானியம் போகும், சென்சாரைக் கழற்றியதும் தலையில் விழும். சட்டைக் காலரெல்லாம் வேர்வை. சுகுணாவே பதில் சொன்னாள்:

“இவரா மேடம்? முந்தி எங்ககிட்ட வேல பாத்தாருங்க.”