மூன்றாம் பாகம் யாருக்கு?

"டிராயர்ல ஒளிச்சு வெச்சிருக்கீங்களே சார், அது யாருக்கு?"

அம்மா போட்ட சத்தத்தில், பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாலு பேரும் தலையைத் தூக்கினார்கள்.

நூலகர் சட்டென்று டிராயரை மூடினார். மூடி என்ன செய்ய? பார்த்தது பார்த்ததுதான். சிறுவர் பிரிவுக்குப் புதிதாக வந்த ஒற்றைச் சிறகு டிராகன் கதை, மூன்றாம் பாகம். மொத்தமே இரண்டு பிரதி. ஒன்று யார் வீட்டிலோ இருக்கிறது. இன்னொன்று பைண்டிங்குக்குப் போயிருப்பதாகப் பத்து நாளாகக் கதைவிட்டுக்கொண்டிருந்தார் மனுஷன்.

"பதிவு நோட்டுல என் பேருதானே அங்கிள் முதல்ல இருக்கு?" என்றாள் பதினோரு வயது மகள். இதோ அழுதுவிடுவாள் போலிருந்தது.

"நீ சும்மா இரு, நான் பேசறேன்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்மா. அப்பாகிட்ட பேச என்கிட்ட ஒண்ணுமே இல்ல."

அப்பா தனியாகப் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஞாயிறுதோறும் பூங்காவில் இரண்டு மணி நேரம் மகளைப் பார்ப்பார். முதல் இரண்டு பாகங்கள் இருந்தவரை பேச்சுக்குப் பஞ்சமில்லை. கதை தீர்ந்ததும், போன ஞாயிறு இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துவிட்டு வந்தார்கள். அதில் அம்மாவுக்கும் வருத்தம்தான். வெளியே சொல்ல மாட்டாள்.

"உங்கப்பாவுக்குக் கதை ஒண்ணுதான் குறைச்சல்! நட்டு போல்ட்டைத் தவிர எதையாவது பிரிச்சுப் பார்த்திருக்காரா?" என்றவள், நூலகர் பக்கம் திரும்பினாள். "யாருக்கு சார்? உங்க வீட்டுப் பிள்ளைக்கா? இல்ல, பெரிய இடத்துச் சிபாரிசா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. ஒரு வாசகருக்கு. எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். இன்னும் முப்பது பக்கம்தான் பாக்கி. சனிக்கிழமை சாயங்காலம் பாப்பா கையில தந்துடறேன்."

"எழுத்துக்கூட்டிப் படிச்சா வரிசை மாறிடுமா? என் பொண்ணு ஒரே நாள்ல முடிச்சிடுவா, தெரியுமா?"

"அதனாலதாம்மா அவருக்கு முதல்ல கொடுத்தேன்" என்ற நூலகர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு சார் உங்க நியாயம்! புகார் நோட்டை எடுங்க. அந்தப் புத்தகத்தையும் எடுங்க."

இரண்டும் மேசைக்கு வந்தன. அப்படி என்னதான் இத்தனை நாளாகப் படிக்கிறார் என்று பார்க்க, அம்மா புத்தகத்தைப் பிரித்தாள். உள்ளே நாலாக மடித்த ஒரு தாள். விரித்தாள்.

'டிராகன் பாலத்துலேருந்து விழுந்தப்ப பயந்தாளான்னு கேட்கணும். 140ஆம் பக்கத்துல சிரிச்சேன். அவளும் சிரிச்சாளான்னு கேட்கணும். சூனியக்காரி நல்லவளா கெட்டவளா, எனக்குப் புரியல. அவளுக்குத்தான் தெரியும்.'

கோணல் மாணலான எழுத்து. பன்னிரண்டு வருஷம் மளிகை லிஸ்ட்டில் பார்த்த எழுத்து.

அம்மா அதை இரண்டாவது தடவையும் படித்தாள்.

"தினமும் வர்றாரா?" குரல் இறங்கிவிட்டது.

"மதியம் சாப்பாட்டு நேரத்துல, அரை மணி. மூணு பாகமுமே இங்க உட்கார்ந்துதான். பட்டறைக்குக் கொண்டுபோனா கிண்டல் பண்ணுவாங்களாம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டார். எனக்கும் பொய் சொல்றதைத் தவிர வேற வழி தெரியலம்மா."

"யாரும்மா அது?" மகள் எட்டிப் பார்த்தாள்.

"உன்னை மாதிரி ஒரு கதைப் பைத்தியம். வா, சனிக்கிழமை வாங்கிக்கலாம்."

அம்மா தாளை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தாள். புகார் நோட்டில் ஒரு வரியும் எழுதவில்லை. மகளைச் செருப்பு போட அனுப்பிவிட்டு, வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"சார், அவர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. நான் சொன்னதாச் சொல்ல வேண்டாம்."

"சொல்லுங்கம்மா."

"கடைசி அத்தியாயத்தை மட்டும் படிக்காம விடச் சொல்லுங்க. அதை அவ வாயால கேட்கட்டும்."