கரை முடியும் இடம்

“அனு, இது பழுத்துருச்சா பாரு?”

தக்காளிக் காட்டில் அண்ணன் சிவப்பிரகாஷ் கேட்பான். ஒரு நாள் அல்ல, ஒவ்வொரு பறிப்பிலும்.

அடுத்த வரிசையில் அப்பா நிற்பார். அவர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தித்தான் கேட்பான்.

பச்சைக்காய் கலந்தால் வேலந்தாவளம் சந்தையில் பெட்டியையே தள்ளிவிடுவார்கள். அதனால் அனுப்பிரியாவே பறித்துப் போடுவாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவான். பழம் பழுத்ததா என்று பார்க்கக்கூடத் துரைக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்று பாலக்காட்டுக் கம்ப்யூட்டர் கடையில் அந்த எரிச்சல் மண்டைக்கு ஏறியிருந்தது.

மேசைமேல் இரண்டு மானிட்டர்கள்.

ஒன்று தட்டை. நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டும், ஆனால் விளையாட்டுக்கு வேகம் பத்தாது. மற்றது வில்லாக வளைந்தது. விளையாட்டில் பறக்கும், நிறம் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அப்பா காளிச்சாமி மனசில் வைத்திருக்கும் தொகைக்கு இரண்டில் ஒன்றுதான் வீட்டுக்கு வரும்.

வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். பகலெல்லாம் அனுப்பிரியா அதில் ஷிஜி சேச்சியின் ஃப்ளெக்ஸ் கடைக்குக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் டிசைன் போட்டு அனுப்புவாள். பொழுது சாய்ந்தால் அண்ணன் துப்பாக்கி விளையாட்டு.

போன மாதம் இரண்டு ஃப்ளெக்ஸ் திரும்பி வந்தன. பழைய மானிட்டரில் கிளிப்பச்சையாகத் தெரிந்த பட்டுச்சேலை, அச்சில் பாசி பிடித்த சுவர் மாதிரி வந்திருந்தது. பெண்ணின் தாய்மாமன் கடைவாசலில் நின்று கத்தினாராம். இன்னும் ஒன்று கெட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சேச்சி சொல்லிவிட்டாள்.

அனுப்பிரியா பத்தோடு பள்ளியை விட்டவள். அந்த வேலையும் போனால் மறுபடி தக்காளிக் காடுதான்.

அண்ணனுடைய குறை வேறு. விளையாட்டில் எதிரியை விட்டுவிட்டுத் தன் கூட்டாளிகளையே சுட்டுத் தள்ளுகிறான். கூட்டாளிகள் ஹெட்போனில் திட்டுகிறார்கள். கூட்டாளி தலைமேல் பச்சைக் குறி, எதிரி தலைமேல் சிவப்புக் குறி. பழைய மானிட்டரில் யார் எவர் என்று தெரிவதில்லையாம்.

கடைக்காரன் அவள் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. “வளைஞ்சதக் கண்ண மூடிட்டு எடுத்துக்கோ ப்ரோ” என்றான்.

“அவ படந்தானுங்க போடறா. அதுக்கு எந்தப் பொட்டியா இருந்தா என்னங்க? பையன் கை காட்டறதையே கட்டிக் குடுங்க தம்பி” என்றார் அப்பா.

பையன். எப்போதும் பையன்.

பட்டாளத்துக்கு ஆளெடுத்த இடத்தில் நெஞ்சளவு அரை சென்டிமீட்டர் குறைந்துவிட்டது என்று அவன் திரும்பி வந்த நாளிலிருந்து அவனுக்குத் தினம் மூன்று முட்டை. நெஞ்சு அகல வேண்டுமாம். வேகவைத்து உரித்துக் கொடுப்பது அனுப்பிரியா. அவள் தட்டுக்கு அதில் ஒன்றுகூட வந்ததில்லை.

வெளியாள் முன்னால் வாய் திறக்காதவள் அவள். கொண்டுவந்த பென்டிரைவைக்கூடப் பேசாமல்தான் கடைக்காரனிடம் நீட்டினாள். இரண்டு திரையிலும் அடுத்த வாரத்துக் கல்யாணப் பெண் வந்து நின்றாள். பச்சைப் பட்டு, ஒரு முழத்துக்குச் சிவப்புக் கரை.

வளைந்த திரையில் கரையின் சிவப்பு மங்கலாக இருந்தது.

“கை காட்டட்டும்ப்பா!” அவள் போட்ட சத்தத்தில் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “கரை எங்க முடியுதோ அங்க வெரல வைண்ணா, பாக்கலாம்!”

அவன் வளைந்த திரையில் விரலை வைத்தான். கரையைத் தாண்டி, நட்டநடுச் சேலையில்.

“பாத்தீங்களாப்பா? இந்தப் பொட்டியில இவ்வளவுதான் தெரியும். இப்ப இதுல வைண்ணா.”

தட்டைத் திரையில் பச்சை பச்சையாக இருந்தது, சிவப்பு சிவப்பாக இருந்தது. பால்குடிப் பிள்ளைகூடத் தொட்டுக் காட்டிவிடும்.

அவன் விரல் எழுந்தது. கரைக்கு நேராக ஊர்ந்தது. அங்கே நிற்கவில்லை. மேலே போய்த் தயங்கியது.

அப்புறம் அவளைப் பார்த்தான்.

அப்பாவுக்குத் தெரியாமல், கண்ணைத் தாழ்த்தி. கையில் ஒரு தக்காளியை வைத்துக்கொண்டு பார்ப்பானே, அதே பார்வை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. விரல் போய் நின்றது. அதே நட்டநடுச் சேலையில்.

கடைக்காரன் சிரித்துவிட்டான். “எந்தா ப்ரோ, பச்சையும் செவப்பும் தெரியாதா?”

“வெளையாடாதடா. ஒழுங்காக் காட்டு” என்றார் அப்பா. அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அனுப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை.

பட்டாளத்து டாக்டர் அவன் நெஞ்சில் குறை கண்டிருக்க மாட்டார், கண்ணில்தான் கண்டிருப்பார். இந்த எட்டு மாதமாக அவன் தின்ற முட்டைகள், ஒவ்வொன்றையும் தண்ணீர் குடித்து விழுங்கியது, எல்லாம் அவள் கண்முன் வந்து போயின. அவள் ஜெயித்துவிட்டாள். தொண்டையில் இன்னும் கோபம் இருந்தது. அதை யார்மேல் துப்புவது என்றுதான் தெரியவில்லை.

“இந்தத் தட்டையே போதுங்கப்பா” என்று சொல்ல வாயெடுத்தாள். அண்ணனைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சிவப்பிரகாஷ் திரையிலிருந்து விரலை எடுத்தான். பட்டுச்சேலைமேல் பதிந்திருந்த தன் விரல் தடத்தைச் சட்டை நுனியால் அழுந்தத் துடைத்தான்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.