ஸ்டேஷனுக்கு நினைவஞ்சலி

"'ஸ்டேஷன் மாஸ்டரே கொன்னுட்டான்'னு போடு. பேரோட போடு," என்றாள் பென்கா.

ஊர் நூலகத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்திருந்த நெடெல்யா, காபிக் கடை மேஜையில் லேப்டாப்பில் தட்டுவதை நிறுத்தினாள். அந்தப் பெயருக்குரிய பழைய ஸ்டேஷன் மாஸ்டர் ராடோய் இரண்டு மேஜை தள்ளி, காபியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் யார் இறந்தாலும் படம் போட்ட நோட்டீஸைக் கதவுகளில் ஒட்டுவோம். வருடா வருடம் நினைவஞ்சலியும் உண்டு. நாளையோடு ரயில் நின்று இருபது வருடம். ஸ்டேஷனுக்கும் ஒன்று ஒட்டுவதாக முடிவாகியிருந்தது.

"அவர் காதுல விழுதுக்கா."

"விழட்டுமே! நாளைக்கு ஊர்க் கதவு பூரா அவன் பேருதான்."

"அப்படி என்ன செஞ்சார்?"

"எத்தனை பேர் ரயில்ல போறாங்கன்னு பார்க்க தலைநகர் சோஃபியாவிலேர்ந்து அதிகாரி வந்திருக்கார். பிளாட்பாரத்துல நாப்பது பேர் நிக்கறோம். இந்த மனுஷன் ஒருத்தரையும் ஏற விடலை. 'எல்லாரும் வழியனுப்ப வந்தவங்க ஐயா'ன்னுட்டான்!"

"காலி ரயிலை வழியனுப்பினோம்," என்றான் கறிக்கடை கான்ச்சோ. "கையை வேற ஆட்டச் சொன்னான்."

"சந்தைக்குப் போக வேண்டிய என் பாலாடைக்கட்டி அத்தனையும் வீணாச்சு. அடுத்த மாசமே ஸ்டேஷனை மூடிட்டாங்க. ஏன்டா அப்படிச் செஞ்சேன்னா, இன்னி வரைக்கும் வாயைத் திறக்கலை."

ராடோய் பக்கத்தைப் புரட்டினார்.

நெடெல்யா அந்த வரியைச் சேர்த்தாள், பெயரோடு. "படம்?"

ஸ்டேஷன் படம் யாரிடமும் இல்லை.

"பழைய டிக்கெட் ஒண்ணு இருந்தாலும் போதும், படத்துக்குப் பதிலா வெச்சிடலாம். அந்த ரயில்ல முப்பது வருஷம் போயிருக்கீங்க. ஒரு வீட்லயாவது கிடக்காதா?"

பென்கா கான்ச்சோவைப் பார்த்தாள். கான்ச்சோ கூரையைப் பார்த்தான்.

"சரி, நெட்ல தேடிக்கறேன். டிக்கெட் என்ன நிறம்னு மட்டும் சொல்லுங்க."

"வெள்ளை," என்றாள் பென்கா.

"ரோஸ் இல்லே?" என்றான் கான்ச்சோ.



ராடோய் பேப்பரை மடித்து வைத்தார்.

"பழுப்பு. கெட்டி அட்டை," என்றார் நெடெல்யாவிடம். "அன்னிக்கு அந்த அதிகாரி இவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் அந்த டிக்கெட்டைத்தாம்மா காட்டச் சொல்றதா இருந்தார்."